ஒழுகாத வால்வு

எங்கள் வீட்டுக்காரர் அதைப் பழைய மெஷின் என்று சொல்ல மாட்டார், பெரிய மெஷின் என்பார். கல்யாண மண்டபங்களில் புஸ்ஸென்று ஆவி விட்டு, நுரை தளும்பத் தளும்பக் காபி கொடுத்து, மேலே ஒரு சிட்டிகை சாக்லேட் பொடி தூவுவார்களே, அந்த எக்ஸ்பிரஸோ மெஷின்தான். ஆனால் இப்போது எல்லாரும் வைத்திருக்கிற எவர்சில்வர் பெட்டி இல்லை. முழுப் பித்தளை. தவலையை நிற்க வைத்து இழுத்து நீட்டினதுபோல ஒரு கொதிகலன், மேலே குடையாக ஒரு மூடி, அடியில் கேஸ் அடுப்பு, நடுவயிற்றில் வட்டமாக ஒரு பிரஷர் மீட்டர், இரண்டு பக்கமும் பாலை நுரைக்க வைக்கிற வளைந்த குழாய்கள். புதுச்சேரியில் ஓர் ஓட்டலை மூடினபோது அங்கிருந்து வாங்கி வந்தாராம். எனக்குத் தாலி கட்டுவதற்கு முன்னால் நடந்தது. அந்த வகையில் திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு என்னைவிட அதுதான் சீனியர். என்னிடம் பேசின நேரத்தைவிட அதைத் துடைத்த நேரம் அதிகமாக இருக்கும்.

நான் பயந்த சுபாவம். குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்று தெரிந்தாலே அடுப்படியை விட்டு ஓடிவிடுவேன். அப்படிப்பட்டவள் இந்த மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுதான் பிழைக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. அவரோடு கூடப் போய்ப் பொடியும் சர்க்கரையும் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தவர் போன ஐப்பசியில் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. வீட்டில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த நான், கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கரண்டியைக் கையில் எடுத்தேன்.

மண்டபக்காரர்களுக்கு இந்தப் பித்தளை மெஷின் என்றால் இப்போது உயிர். பொண்ணும் மாப்பிள்ளையும் அதன் பக்கத்தில் நின்று டம்ளரை உயர்த்திப் பிடித்து வீடியோ எடுக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முதல் நாள் இவர் புளி போட்டுத் தேய்த்துத் தங்கம்போல ஆக்கிவிடுவார். மறுநாள் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் வயிற்றில் மூன்று கோடு விபூதி, உச்சியில் கட்டை விரல் நிறையச் சந்தனம், அதன்மேல் குங்குமம். மற்றவர்கள் ஆயுத பூஜைக்குச் செய்வதை இவர் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் செய்வார். எனக்கு ஒரு நாள் பூ வாங்கி வந்தது கிடையாது. அதைச் சொன்னால் சிரிப்பார்.

நான் போக ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே அந்தச் சத்தம் கேட்டது. வலது பக்கக் குழாயின் திருகுக்குக் கீழே, விடாமல், பல்லிடுக்கில் காற்று விடுவதுபோல ஒரு சீறல்.

"ஏங்க, ஆவி ஒழுகுதுங்க."

"எங்க?"

"திருகுக்குக் கீழ. சத்தம் கேக்கலியா?"

"மெஷின்னா சத்தம் வராம இன்னா பண்ணும்? நீ புதுசு. போகப் போகப் பழகிப்பூடும்."

எனக்குத் திக்கென்றது. ஒழுகுவதற்காக இல்லை. அவருக்கு அது கேட்கவில்லை என்பதற்காக. இந்த மனிதர் காதை வைத்தே காபி போட்டவர். பால் எப்போது சூடாகிறது, எப்போது நுரை கட்டுகிறது, எப்போது குழாயை மூட வேண்டும் என்பதெல்லாம் சத்தத்திலேயே தெரியும் என்று ஊரெல்லாம் பெருமை பேசினவர். மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அதன் கண்ணாடி மங்கிப்போய்க் கிடந்ததும் அதனால்தான். இப்போது பார்த்தால் பால் பொங்கி ஜாடியைத் தாண்டிக் கையில் வழிந்த பிறகுதான் குழாயை மூடுகிறார்.

வீட்டிலும் கவனிக்க ஆரம்பித்தேன். டிவி சத்தம் தெருமுனை வரைக்கும் போனது. போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசுவார். நான் அடுப்படியிலிருந்து எதைக் கேட்டாலும் "ஆமா ஆமா" என்பார். சாம்பார் போதுமா, ஆமா ஆமா. சிலிண்டருக்குச் சொல்லிட்டீங்களா, ஆமா ஆமா. சிலிண்டர் வராது. இந்த ஆமா ஆமா எனக்குப் பெரிய பேஜாராகிவிட்டது.

"ஒரு தபா காது டாக்டரப் பாத்துட்டு வந்துடலாம்ங்க" என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன்.

"எனக்கு இன்னா செவிடா? உன் குரல் கேக்குது இல்ல? கேக்காம இருந்தா நிம்மதியாத்தான் இருக்கும்."

கிண்டல் செய்துவிட்டு எழுந்து போய்விட்டார். என் குரல் கேட்டது உண்மைதான். நாதஸ்வரம், தவில், ஆம்பளைகள் பேச்சு எல்லாம் கேட்டது. மெல்லிசாக வருகிற சத்தம்தான் அவருக்கு விழவில்லை. சீறல், விசில், கொசு, என் கொலுசு. ஏன் டாக்டரிடம் வரவில்லை என்றும் எனக்குத் தெரியும். ஆவி மெஷினுக்குப் பக்கத்தில் காது கேட்காத ஆளை யார் நிறுத்துவார்கள்? வானூர்ப் பக்கம் காபிக்கடை வைத்திருக்கும் ஒருவர் ஏற்கெனவே இரண்டு முறை வந்து, இதைக் கடை வாசலில் அழகுக்கு வைக்கக் கேட்டுவிட்டுப் போனார். கொடுத்துத் தொலையுங்கள் என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "அழகுக்கா? அது இன்னா பொம்மையா?" என்று இவர் முகம் சிவந்துபோனது. அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் போனேன். இந்த மெஷின் ஒரு நாள் இவர் முகத்தில் வெடிக்கும், அதற்கு முன்னால் அது போடுகிற சத்தம் இவருக்குக் கேட்காது. என் பயம் அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை.

மயிலத்தில் தை மாசக் கல்யாணம் ஒன்று. மலைமேல் கோயிலில் தாலி கட்டிவிட்டு எல்லாரும் கீழே மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். கூட்டமென்றால் கூட்டம். இவர் குழாயைத் திருகினபோது சீறல் இருந்த இடத்திலிருந்து கொதிக்கிற தண்ணீரே பீய்ச்சி மணிக்கட்டில் அடித்தது. ஜாடியைப் போட்டுவிட்டார். நான் குடத்துத் தண்ணீரை அப்படியே அவர் கையில் கவிழ்த்தேன்.

"ஒன்னும் இல்ல, ஒன்னும் இல்ல, ஜனம் பாக்குது" என்றார்.

"ஜனம் பாக்கட்டும்! கண்ணுல அடிச்சிருந்தா இன்னா பண்ணுவீங்க?"

திரும்பி வரும்போது லோடு ஆட்டோவில் அழுதேன். கோபம் வந்தால் எனக்கு அழுகைதான் வரும். மணிக்கட்டில் தோல் கொப்பளித்துப் பளபளவென்று இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க இன்னும் ஆத்திரம். அடுத்த கல்யாணம் திண்டிவனத்திலேயே, ஒரு வாரம்கூட இல்லை. வால்வைச் சரி பண்ணாமல் மெஷின் வீட்டை விட்டு நகராது என்று வாசலில் நின்று சொல்லிவிட்டேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதனால்தான் ஒத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

மறுநாள் அந்த வலது பக்கக் குழாயின் வால்வை மட்டும் கழற்றி, பழைய துண்டில் சுற்றி, கூடையில் போட்டுக்கொண்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினோம். ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு லேத் பட்டறை. அதன் முதலாளி காதில் போனை மாட்டிக்கொண்டு, எங்களிடம் ஒரு வார்த்தை, போனில் ஒரு வார்த்தை என்று பேசிக்கொண்டே வால்வைப் பிரித்துப் போட்டார். நடுவில் இருக்கும் தண்டு தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. அதைச் சுற்றி ஆவி வெளியே வராமல் அடைக்க இவர் என்றைக்கோ நூலைச் சோப்பில் தோய்த்துச் சுற்றி வைத்திருக்கிறார். அது கருகிக் கரித்தூளாகக் கொட்டியது.

"இன்னா அண்ணே, பட்டம் வுடுற நூல சுத்தி வச்சிக்கிறீங்க?" என்று பட்டறைக்காரர் சிரித்தார். இவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

புதுசாகத் தண்டு கடைந்தார். கடைசல் ஓடும்போது பித்தளைச் சுருள் பொன்னாகப் பறந்தது. அந்த இரைச்சலிலேயே எங்கள் பக்கம் திரும்பி, "மேல சேஃப்டி வால்வு இருக்கும் இல்ல, அது நல்லா வேலை செய்யுதா?" என்று கேட்டார்.

"ஆமா ஆமா" என்றார் இவர்.

எனக்கு அந்த ஆமா ஆமாவில் நம்பிக்கை இல்லை. ஆனால் நாலு ஆம்பளைகள் நிற்கிற இடத்தில் இவருக்குக் காது கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? வேலை முடிந்ததும் பட்டறைக்காரர் வால்வைக் கையில் கொடுத்து, "இனிமே இதுல ஒரு சொட்டு வந்தா என்னைச் செருப்பால அடிங்க" என்றார். நல்ல வேலைக்காரர். அவர் சொன்னபடி அதற்கப்புறம் அதில் ஒரு சொட்டுகூட வந்ததில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"மேல இன்னாவோ சேஃப்டி வால்வு இருக்குதாமே, அது இன்னாங்க?"

"உச்சியில கீதே, குட்டியா ஒன்னு. உள்ள ஆவி அதிகமாச்சுன்னா அது தானா தூக்கிக்கினு வெளிய வுட்டுடும். விசில் அடிக்கும்."

"நான் வந்து இத்தினி நாளா விசில் எதுவும் கேக்கலியே?"

"அதிகமானாத்தானே அடிக்கும்? அதிகமாவல. வுடு."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே வேர்க்கடலை விதைத்த மல்லாட்டைக் கொல்லைகள் போய்க்கொண்டிருந்தன. அவருக்கு அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கூடைக்குள் வால்வைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் மாட்டி, கொஞ்ச நேரம் அடுப்பைப் போட்டு, ஒரு ஜாடி பாலை நுரைத்துப் பார்த்தார். சீறல் இல்லை. சொட்டு இல்லை. "பாத்தியா? இப்ப திருப்தியா?" என்று எனக்கே முதல் டம்ளரைக் கொடுத்தார். திருப்தியாகத்தான் இருந்திருக்க வேண்டும். எந்தச் சத்தத்துக்குப் பயந்துகொண்டிருந்தேனோ அது நின்றுபோனது. ஆனால் சத்தமே போடாமல் மெஷின் நின்றது எனக்கு அதைவிடப் பயமாக இருந்தது. சொன்னால் திட்டுவார் என்று காபியைக் குடித்தேன்.

திண்டிவனம் கல்யாணம் காலை முகூர்த்தம். எங்களுக்குச் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் இடம் கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் மேடை நேராகத் தெரியும். இவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, விபூதி இட்டு, உச்சியில் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, கும்பிட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். டிபன் நேரத்தில் ஓயாமல் காபி போனது. மெஷினும் நன்றாக வேலை செய்தது. பழைய காலம்போல நுரை நிற்கிறது என்று மண்டபத்து மேனேஜரே வந்து சொன்னார். இவர் சிரித்த சிரிப்பைப் பார்த்து, நாம்தான் வீணாகப் பயப்படுகிறோம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

இவருக்கு ஒரு வழக்கம் உண்டு. தாலி கட்டப் போகிற நேரத்தில் காபிக்கு யாரும் வர மாட்டார்கள். ஆனால் தாலி ஏறி அட்சதை போட்ட அடுத்த நிமிஷம் மண்டபமே எழுந்து ஓடி வரும். அதனால் ஐயர் தாலித் தட்டைச் சபைக்கு அனுப்பினதுமே இவர் கொதிகலனில் தண்ணீர் நிரப்பி, குழாய்களை இறுக்கி மூடி, அடுப்பை முழுசாகத் திறந்துவிடுவார். கூட்டம் வரும்போது ஆவி முட்டிக்கொண்டு தயாராக இருக்க வேண்டும். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் அட்சதையோடு மேடையைப் பார்த்து நின்றுவிடுவார். வருஷக்கணக்காக இப்படித்தான் செய்துகொண்டிருக்கிறார்.

அன்றைக்குத் தாலித் தட்டு சுற்றி வரக் கொஞ்சம் நேரமானது. பெரிய சொந்தக்காரர் யாரோ இன்னும் வந்து சேரவில்லை என்று மேடையில் கசமுசா. அடுப்பு முழுசாக எரிந்துகொண்டிருந்தது. நான் மெஷினைப் பார்த்தேன். பளபளவென்று, சத்தமில்லாமல் நின்றது. எனக்கு என்னவோ போல இருந்தது. போனில் டார்ச்சைப் போட்டு மீட்டருக்கு நேராகப் பிடித்தேன். மங்கலான கண்ணாடிக்குப் பின்னால் முள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. இது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது.

"ஏங்க, இந்த முள்ளு..." என்று நான் ஆரம்பிப்பதற்கும் மேடையிலிருந்து "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று குரல் வருவதற்கும் சரியாக இருந்தது.

தவில் இரண்டு, நாதஸ்வரம் இரண்டு. மண்டபத்தின் தகரக் கூரை அதிர்ந்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்கு எங்கே கேட்கும்? அட்சதையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார், மெஷினுக்கு ஒரு முழம் தள்ளி. முள் சிவப்பைத் தாண்டியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாண்டியது. மேஜையில் அடுக்கியிருந்த டம்ளர்கள் நடுங்கின. அது தவிலாலா மெஷினாலா என்று தெரியவில்லை. கடவுளே, கடவுளே என்று வாய் மட்டும் அசைந்தது. அப்புறம் என்ன தோன்றிற்றோ, குனிந்து சிலிண்டர் திருகைப் பிடித்து அணைத்தேன்.

நெருப்பு போனதும் அவருக்கு முகத்தில் சூடு குறைந்தது தெரிந்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்தார். அடுப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவ்வளவு மேளத்திலும் அவர் கத்தினது எனக்குக் கேட்டது.

"இன்னாடி பண்ற? தாலி ஏர்ற நேரத்துல அடுப்ப அணைப்பாங்களா? அறிவு கீதா உனக்கு?"

தாலி கட்டுகிற நேரத்தில் விளக்கோ அடுப்போ அணையக் கூடாது. எனக்குத் தெரியாதா அது? யார் வீட்டுப் பொண்ணோ, அது நல்லா இருக்கட்டும். அவர் பாக்கெட்டிலிருந்து லைட்டரை எடுத்துக்கொண்டு குனிந்தார். திரும்பப் பற்றவைக்கப் போகிறார். முகம் கொதிகலனுக்கு நேராகப் போனது. நான் அவர் புதுச் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். பட்டன் தெறித்தது. அவர் கையை ஓங்கிவிட்டார். முப்பது வருஷத்தில் ஒரு முறைகூட அவர் என்மேல் கை ஓங்கினதில்லை. நான் நகரவில்லை. ஒரு கையால் சட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டார்ச்சை மீட்டரில் அடித்தேன்.

பார்த்தார். முள் கடைசி எண்ணையும் தாண்டி முட்டிக்கொண்டு நின்றது.

ஓங்கின கை அப்படியே இறங்கியது. அவர் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் எங்கே போயிற்றோ. என்னை இடுப்பில் கைவைத்துப் பின்னால் தள்ளினார். டம்ளர் கழுவுகிற வாளியைக் காலால் இழுத்து வலது பக்கக் குழாய்க்குக் கீழே வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்தப் புதுத் தண்டை நூல் நூலாகத் திருகினார். வாளித் தண்ணீர் குமுறி எழும்பியது. அதே நேரத்தில் மேளம் நின்றது. தாலி ஏறிவிட்டது. மண்டபம் முழுக்க எங்கள் ஆவிச் சத்தம் மட்டும். மேடையில் பூப்போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அது முள்ளைக் கீழே கொண்டுவர எவ்வளவு நேரம் எடுத்ததோ, அவ்வளவு நேரமும் நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் அங்கேயே நின்று திருகைப் பிடித்திருந்தார்.

அதற்கப்புறம் நான் அந்த அடுப்பைப் பற்றவைக்க விடவில்லை. பொண்ணுக்கு மாமா முறையாம், ஒருவர் வந்து "காபி இன்னாச்சு?" என்று கேட்டார். "மெஷினுக்கு உடம்பு சரியில்லீங்க" என்று சொல்லிவிட்டு, சமையல்காரரிடம் கெஞ்சிப் பாலைக் காய்ச்சி வாங்கி, எல்லாருக்கும் தூக்கித் தூக்கி ஆற்றிக் கொடுத்தேன். நுரை வந்தது. தோள்பட்டைதான் போயிற்று. இவர் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் வாசலில் மெஷினை இறக்கி வைத்து, ஏணிப்படி ஸ்டூலில் ஏறி உச்சியில் இருந்த அந்தக் குட்டி வால்வைக் கழற்றினார். என் கட்டை விரல் பருமன்தான் இருக்கும். பக்கவாட்டில் ஆவி வெளியேறச் சின்னச் சின்னத் துளைகள் இருக்க வேண்டுமாம். ஒன்றும் தெரியவில்லை. ஊக்கை விட்டுக் குத்தினார், போகவில்லை. சுத்தியலால் மெதுவாகத் தட்டினதும் உள்ளிருந்து ஓடு ஓடாக உதிர்ந்தது. மஞ்சளாக ஒரு அடுக்கு, சிவப்பாக ஒரு அடுக்கு, மறுபடி மஞ்சள். நடுநடுவே பித்தளைக் களிம்பின் பச்சை. சந்தனம், குங்குமம், தேய்த்த புளி. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் இவர் கட்டை விரலால் அப்பினதெல்லாம் துளைக்குள் இறங்கி, கொதிகலன் சூட்டில் வெந்து, உள்ளே இருந்த ஸ்பிரிங்கைச் சிமெண்டு பூசினதுபோலப் பிடித்துக்கொண்டிருந்தது. அது தூக்கவே முடியாது. எத்தனை கல்யாணமாகத் தூக்க முடியாமல் இருந்ததோ.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த வலது பக்கக் குழாய் ஒழுகினதால்தான் இத்தனை நாள் நாங்கள் தப்பித்தோம். உள்ளே மிஞ்சின ஆவியெல்லாம் அந்தச் சீறல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. நான்தான் வாசலில் நின்று கத்தி, விழுப்புரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் அதை அடைத்திருக்கிறேன். நினைக்க நினைக்கக் கோபம்தான் வந்தது.

"சாமி கும்புடுறவரு அதோட வாயிலயா சந்தனத்த அடைப்பீங்க? இத்தினி வருஷம் வச்சிக்கினு கீறீங்களே, விசில் அடிக்க வேண்டியது அடிக்கலன்னு கூடவா தெரியல?"

அவர் குனிந்தபடியே ஸ்பிரிங்கை வெந்நீரில் போட்டுப் பல் தேய்க்கிற பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்துத் துடைத்து, எண்ணெய் விட்டு, விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்து, மறுபடி உச்சியில் மாட்டினார். "பத்த வைக்கிறேன். நீ வேணும்னா உள்ள போ" என்றார். நான் போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முள் ஏறியது. சிவப்புக் கோட்டைத் தொட்டது. தொட்டதும் உச்சியிலிருந்து ஒரு கீச்சொலி கிளம்பி, ஒரேயடியாக வீறிட ஆரம்பித்தது. காதைப் பொத்திக்கொண்டேன். எதிர்வீட்டு நாய் குரைத்தது. பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேல் தலையை நீட்டி வாயசைத்தாள். என்ன சொன்னாளோ, எனக்குக் கேட்கவில்லை.

இவர் மெஷினுக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றார். உச்சியில் வெள்ளையாகக் கிளம்புகிற ஆவியைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். காதைப் பொத்தியிருந்த என் கைகளைப் பார்த்தார். அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். உதடு அசைந்தது. அந்த வீறலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சத்தமே இல்லாத வீட்டில் பேசுவதுபோல அவ்வளவு மெதுவாகப் பேசினார். எனக்கு ஒரு எழுத்துக்கூட விழவில்லை. கிட்டப் போய்க் குனிந்து, அவர் வாயருகில் காதை வைத்தேன்.

"விசில் சத்தம் வர்லன்னு எனக்குத் தெரியும். அது அடிச்சிக்கினுதான் கீது, எனக்குத்தான் கேக்கலன்னு நெனச்சிக்கினு இருந்தேன். பஸ்ஸுல நீ கேக்கலன்னு சொன்னப்பகூட, மேளச் சத்தத்துல உனக்கும் வுழலன்னு நெனச்சேன். உன்னைக் கேட்டா, காது போனது உனக்குத் தெரிஞ்சிபூடுமேன்னு கேக்கல."

வாயில் தயாராக வைத்திருந்த திட்டு ஒன்றுகூட வரவில்லை. படியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அடுப்பை அணைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.